ஒரு நாளைக்கு எத்தனை துணி?



சென்ற மாதம் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகளுக்கு இது ஏழாம் மாதம். பிள்ளை பிறந்தால் துணி நெப்பி கட்டுவதா, பம்பர்ஸ் போடுவதா என்று வீட்டில் இப்போதே சண்டை தொடங்கிவிட்டதாம். "பம்பர்ஸ் போட்டால் பிள்ளைக்குக் கால் வளையும், சூடு பிடிக்கும் என்கிறார் மாமியார். அப்படியென்றால் துணியை யார் துவைப்பது என்று கேட்கிறாள் மகள். நீங்கள் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர். ஒரு முடிவைச் சொல்லுங்கள் அக்கா" என்று கேட்டிருந்தார்.

இருபத்தாறு வருடம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தவள் நான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. இப்போது அதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். எங்கள் வாயில் அது இன்னமும் பிள்ளைக் காம்பராதான். இந்தக் கேள்வியைச் சில வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால், "துணிதான் நல்லது, பம்பர்ஸ் சோம்பேறிகளுக்கு" என்று இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன். அப்படித்தான் பல தாய்மாரின் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். ஒருமுறை, காலையில் பம்பர்ஸ் போட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்த ஒரு சின்னப் பெண்ணிடம், "பீத்துணி அலசக் கை கூசுதோ?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தந்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது கலியாண வயது. எனக்கு அந்தக் கேள்வி இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஊர் தலவாக்கலைப் பக்கம். வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருக்கும் உங்களுக்கு எங்கள் மழையைப் பற்றிச் சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. நாட்கணக்கில் வெயிலைக் காணமாட்டோம். மழை விட்ட நேரத்தில் பனிமூட்டம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் அதற்குக் கீழேதான் இருக்கிறோம், ஆனாலும் குளிரில் பெரிய வித்தியாசம் தெரியாது. காலையில் காயப்போட்ட நெப்பி மாலையிலும் கனமாகவே தொங்கும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, இரவு விறகு எரியும் சூட்டில் காயவைப்போம். காய்ந்துவிடும். ஆனால் புகை மணமும் கரியும் ஏறிவிடும். அதைப் பிள்ளையின் இடுப்பில் கட்டினால் பிள்ளையும் புகை மணக்கும். லயத்தில் வளர்ந்த நாங்கள் எல்லாருமே அப்படி மணந்தவர்கள்தான்.

பச்சைப்பிள்ளை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணியை நனைக்கும். பீலித் தண்ணீரோ ஐஸ் மாதிரி இருக்கும். பகலெல்லாம் கொழுந்து கிள்ளி, விரல் நுனி வெடித்து, கறை ஏறிய கையோடு ஆறு மணிக்கு வந்து அந்தத் தண்ணீரில் துணி அலசிய பெண்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

என்னுடைய சின்ன மகளுக்கு 2025 ஏப்ரலில் பெண்பிள்ளை பிறந்தது. அவள் இருப்பது மேல்கணக்கில், புருஷன் வீட்டில். மருமகனுக்குக் கொழும்பில் கடையில் வேலை. நான் கீழ்க்கணக்கில். நடந்தால் முக்கால் மணித்தியாலம். பிள்ளை பிறக்கும் முன்பே எனது இரண்டு நூல் சேலையைக் கிழித்து நெப்பி தைத்துக் கொடுத்திருந்தேன். நல்ல சேலை ஒன்றில் முழத்துக்குக் கொஞ்சம் கூடின சதுரமாக இருபது துண்டு வரும். உடுத்து உடுத்து மெலிந்த நூல் சேலையைப் போல் ஈரம் உறிஞ்சும் துணி வேறில்லை. நைலெக்ஸ், பொலியெஸ்டர் சேலையெல்லாம் இதற்கு ஆகாது. மூத்திரம் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும்.

ஜூலையில் மகள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். பிள்ளைக்கு அப்போது மூன்று மாதமும் முடியவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, நான் கொடுத்த நெப்பியெல்லாம் மடித்து ஒரு மூலையில் இருந்தது. பிள்ளையின் இடுப்பில் பம்பர்ஸ்.

"ஏம்மா இது?" என்றேன்.

"பிள்ளைக் காம்பராவில அதத்தான் கேக்குறாங்கம்மா. அங்க ஒராளு பதினெட்டுப் பிள்ளையப் பாக்குது. அந்தக்கா எப்பிடி எல்லாத்தோட துணியையும் மாத்தும்?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் இருந்த காலத்தில் எங்கள் காம்பராவில் நாங்கள் இரண்டு பேர்.

கணக்கைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கடையில் பம்பர்ஸை முழுப் பக்கற்றாக வாங்க வசதியில்லாதவர்களுக்குத் தனித்தனியாகவும் விற்பார்கள். மகள் வாங்கிய விலை ஒன்று எண்பது ரூபாய். நாள் முழுக்கச் சரியாக மாற்றுவதென்றால் ஐந்தாவது வேண்டும், அதாவது 400 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. நாட்சம்பளத்தில் மூன்றில் ஒன்றுக்குக் கிட்டப் பிள்ளையின் இடுப்பிலேயே போய்விடும். ஆகவே மகள் இரண்டோடு நிறுத்திக்கொண்டாள். காலை ஆறரைக்கு ஒன்று, பகலுக்குப் பிறகு ஒன்று. வீட்டுக்கு வந்த பிறகு துணி.

பம்பர்ஸ் என்பது ஒரு கம்பனி வைத்த பெயர். நாங்கள் எல்லா வகைக்கும் அதையே சொல்கிறோம். அமெரிக்காவில் 1961இல் பியோரியா என்ற நகரத்தில்தான் அதை முதலில் விற்றுப் பார்த்தார்கள். அந்த வேலைக்கு முன்னின்ற விக்டர் மில்ஸ் என்ற பொறியியலாளர் ஒரு தாத்தா. பேரப்பிள்ளையின் துணியை மாற்றப் பிடிக்காமல்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். பாட்டிமார் எத்தனை ஆயிரம் வருடம் அலசினோம், ஒரு தாத்தாவின் கையில் பட்டதும் கம்பனிக்கு யோசனை வந்துவிட்டது. அதற்கு முன்பே, 1946இல், மரியன் டொனவன் என்ற தாய் குளியலறைத் திரையை வெட்டி, நெப்பிக்கு மேல் போடும் ஈரம் கசியாத உறை ஒன்றைத் தைத்திருந்தார். இப்போதைய பம்பர்ஸின் நடுவில் பஞ்சோடு பொடி மாதிரி ஒரு பொருளும் இருக்கிறது. சோடியம் பொலிஅக்ரிலேட் என்று பெயர். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை இழுத்து, கூழாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் பிள்ளை இரண்டு மூன்று தரம் நனைத்தாலும் மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும்.

இந்தக் காய்ந்த மாதிரி இருப்பதில்தான் எங்களுக்கு வினை வந்தது.

இரண்டு கிழமையில் பிள்ளைக்குத் தொடை இடுக்கு சிவந்து தோல் உரிந்தது. சம்பந்தியம்மா, "பார்த்தீங்களா, பம்பர்ஸ் செஞ்ச வேலைய" என்றார். நானும் தலையாட்டினேன். ஆகஸ்டில் நான்காம் மாத ஊசிக்குக் கிளினிக் போனபோது நானும் கூடப் போனேன். மிட்வைஃப் பிள்ளையை நிறுத்துவிட்டுப் பதிவேட்டில் புள்ளி வைத்தார். பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ரோஸ் நிறப் பதிவேடு உங்களிடமும் இருக்கும். முதல் இரண்டு மாதமும் ஏறி வந்த கோடு, அதற்குப் பிறகு தரையோடு படுத்திருந்தது. பிள்ளை சிரிக்கிறது, ஆளைப் பார்க்கிறது, அழுவதே இல்லை. எடை மட்டும் ஏறவில்லை.

மிட்வைஃப் தோலைப் பார்த்தார். பூச ஒரு மருந்து எழுதினார். பிறகு மகளிடம் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஒண்ணுக்குப் போகுது?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இருபத்தாறு வருடம் பிள்ளை பார்த்தவள், என் சொந்தப் பேத்தி எத்தனை தரம் நனைத்தாள் என்று சொல்லத் தெரியாமல் நின்றேன்.

பிறந்து முதல் கிழமை தாண்டிய பிள்ளை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் காலத்தில், இருபத்துநான்கு மணித்தியாலத்தில் குறைந்தது ஆறு தரமாவது நன்றாக நனைக்க வேண்டும். மூத்திரம் தண்ணீர் மாதிரி வெளிறி இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்து, மஞ்சளாகி, நாற்றமடித்தால் பால் காணாது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. துணி கட்டிய காலத்தில் எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. கொடியில் தொங்கும் துணியைப் பார்த்தாலே போதும். பம்பர்ஸ் வந்ததும் அந்தக் கணக்கு எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. ஒன்று மூன்று தரம் நனைந்ததா, ஒரு தரம் நனைந்ததா என்று யார் பார்த்தோம்? கனமில்லாமல் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் பாவிக்கலாம், காசு மிச்சம் என்று நினைத்தோம். கனமில்லாமல் இருந்ததற்கு வேறு காரணம் இருந்தது.

"மூணு நாளைக்குத் துணி கட்டிப் பாருங்க. ஒவ்வொரு தரமும் எழுதி வைங்க" என்றார் மிட்வைஃப். நான் மேல்கணக்கிலேயே தங்கினேன். பிள்ளைக் காம்பரா அக்காவிடம் சொல்லி, அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். கொப்பி ஒன்றில் கோடு போட்டேன். முதல் நாள் காலை ஆறரையிலிருந்து மாலை ஐந்து வரை இரண்டு கோடு. இரவில் மூன்று. அடுத்த நாளும் அப்படியே. பகல் முழுக்கப் பிள்ளை தூங்கியது. "தங்கமான பிள்ளை, சத்தமே இல்ல" என்றார் அந்த அக்கா. இடையில் சிணுங்கினால் ஒரு கரண்டி சீனித் தண்ணீர் கொடுப்பாராம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பசியில் சோர்ந்து தூங்கிய பிள்ளைகளை நல்ல பிள்ளை என்று நானும் சொல்லியிருப்பேன்.

பகலில் பால் கொடுக்க மகள் ஏன் வரவில்லை? அந்த மாதம் அவளுக்குக் கிடைத்த மலை தூரம். இறங்கி வந்து பால் கொடுத்து ஏறிப் போனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர். மேலாளாக நின்றவர், "சாப்பாட்டு நேரத்தில மட்டும் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். மழை பெய்தால் அதுவும் இல்லை. காலை ஆறரைக்குக் குடித்த பிள்ளைக்குப் பல நாட்களில் அடுத்த பால் மாலை ஐந்துக்கு. கொடுக்காத பால் குறையத்தானே செய்யும்? நெஞ்சு கட்டிக்கொண்டு வலித்தது, பிறகு வலியும் நின்றுவிட்டது என்றாள் மகள். அதை நல்லது என்று நினைத்திருக்கிறாள்.

சகோதரிகளே, இந்த நாட்டில் 1939ஆம் ஆண்டிலேயே மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. பின்னர் பல தரம் திருத்தப்பட்டிருக்கிறது. அதன்படி ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைக் காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல். சாப்பாட்டு நேரம் வேறு, இது வேறு. கூலி வெட்டவும் முடியாது. ஆடைத் தொழிற்சாலைகளிலும் மற்ற வேலைத்தலங்களிலும் வேலை செய்யும் உங்கள் பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கும் நேரத்துக்கு உரிமை உண்டு, கேட்டு வாங்குங்கள். மாதர் சங்கத் தலைவியையும் கூட்டிக்கொண்டு நாங்கள் ஒப்பீசுக்குப் போனோம். இரண்டு தரம் போக வேண்டியிருந்தது. முதல் நாள் நாற்காலிகூடத் தரவில்லை. இரண்டாம் நாள், பால் கொடுக்கும் இன்னும் இரண்டு தாய்மாரும் கூட வந்தார்கள். கடைசியில் மூன்று பேரையும் காம்பராவுக்குக் கிட்டிய மலைக்கு மாற்றினார்கள். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இறங்கி வரலாம் என்று ஆனது. மகளுக்கு மேலதிகக் கொழுந்துக் காசு அந்த மாதம் குறைந்தது. மேலாளின் முகமும் இன்றுவரை நேராகவில்லை.

மிட்வைஃப் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். காலையில் கையைச் சுத்தமாகக் கழுவி, கையாலேயே பாலைக் கறந்து, அவித்தெடுத்த மூடிபோட்ட கோப்பையில் வைத்துவிட்டுப் போகலாம். எங்கள் குளிருக்கு நான்கு மணித்தியாலம் வெளியில் இருந்தாலும் பழுதாகாது. உங்கள் ஊர்ச் சூட்டுக்கு அவ்வளவு நேரம் வைக்காதீர்கள். கரண்டியால் அல்லது சின்னக் கோப்பையால் பருக்கலாம். சீனித் தண்ணீர் வேண்டாம்.

இந்தப் பாட்டுக்கு நடுவில் நெப்பி காணாமல் போய், கிளிநொச்சியில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் பண்ணி, பழைய நூல் சேலை இருந்தால் பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். அக்கா 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்களை விட்டு வன்னிக்குப் போனவள். இங்கே அடிபட்ட எத்தனையோ மலையகக் குடும்பங்கள் பாதுகாப்புத் தேடி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். உங்களில் பலர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளாக இருப்பீர்கள். பிறகு எல்லாரோடும் சேர்ந்து அக்காவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் போய் நின்றாள். மருமகளின் கையில் ஐந்து மாதப் பிள்ளை.

பம்பர்ஸைப் பற்றிக் குறை சொல்லி, துணிதான் நல்லது என்று நான் போனில் நீட்டி முழக்கினேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"துணி நல்லதுதான் தங்கச்சி. தண்ணி இருக்கிற எடத்துல."

அதுவரை அவள் அந்தக் கதையை எனக்குச் சொன்னதில்லை. முகாமில் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்று கொண்டுவரும் வாளி, குடிக்கவும் சமைக்கவுமே காணாது. அதில் பீத்துணி அலசுவது எப்படி? மூத்திரத் துணியைத் துவைக்காமலே கூடாரக் கயிற்றில் காயப்போட்டு, விறைத்துப் போனதைக் கையால் கசக்கித் திரும்பக் கட்டினார்களாம். பிள்ளையின் தொடை புண்ணாகி, துணி பட்டாலே வீரிட்டுக் கத்துமாம். ஒரு நாள் யாரோ கொடுத்த பொதிக்குள் ஐந்து பம்பர்ஸ் இருந்தது. "காசு மாதிரி எண்ணி எண்ணி வச்சிருந்தோம். அன்னைக்கு ராத்திரி ஒண்ணப் போட்டோம். பிள்ள விடிய விடியத் தூங்குச்சி. நாங்களும் தூங்குனோம். எத்தன மாசத்துக்குப் பொறகு தூங்குனோம் தெரியுமா?"

நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். முன்னொரு காலத்தில் நான் முகத்துக்கு நேரே கேட்ட அந்தப் பெண்ணுக்கும் வீட்டில் தண்ணீர் இருந்ததா, துவைத்துக் கொடுக்க ஆள் இருந்ததா என்று நான் விசாரித்ததே இல்லை.

இங்கிலாந்தில் சுற்றாடலுக்குப் பொறுப்பான அரச முகவர் நிறுவனம் 2005இலும் 2008இலும் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. துணியா, பம்பர்ஸா என்பதைவிட, துணியை எப்படித் துவைக்கிறோம், எப்படிக் காயவைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று கண்டார்கள். மெஷினில் போட்டு மின்சாரத்தில் காயவைத்தால் துணியின் நன்மை போய்விடும். கொடியில் காயவைத்து, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் பாவித்தால் துணி வெல்லும். எங்களிடம் மெஷினும் இல்லை, மின்சார உலர்த்தியும் இல்லை. அக்காவின் நெப்பி தங்கைக்கு வரும். அந்தக் கணக்கில் நாங்கள் எப்போதும் வென்றவர்கள்தான். ஆனால் அந்தக் கணக்கில் துவைக்கிற கை சேர்த்தியில்லை.

இப்போது எங்கள் வீட்டில் எப்படி என்று சொல்கிறேன். பிள்ளையோடு ஆள் விழித்திருக்கும் நேரமெல்லாம் துணி. மழை விடாத நாட்களில் இரவுக்கு ஒரு பம்பர்ஸ். கிளினிக்குக்கும் பஸ் பயணத்துக்கும் ஒன்று. காம்பராவுக்கு ஐந்து துணி போகும், நனைந்தது பையில் வீட்டுக்கு வரும். மாற்றிக் கொடுக்கும் அக்காவுக்குக் கை கொடுக்க, கிழமைக்கு மூன்று நாள் நான் போகிறேன். அலசுவது சம்பந்தியம்மா, அவருக்குக் கை மூட்டு வலி என்பதால் பிழிவது மருமகனின் தம்பி. பெடியன் முதலில் வெட்கப்பட்டான், லயத்தில் கேலியும் பண்ணினார்கள். இரண்டு கிழமையில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவன் பிழிந்தால் துணி பாதி காய்ந்த மாதிரிதான், ஆம்பிளைக் கை.

துணி துவைக்கும்போது மலத்தை முதலில் கக்கூஸில் தட்டிவிட்டு, வேறு உடுப்போடு சேர்க்காமல் சவுக்காரம் போட்டு, நுரை போகும்வரை மூன்று தண்ணீரில் அலசுங்கள். சவுக்காரம் தங்கினால் அதுவே தோலை அரிக்கும். வாசனைத் திரவம் போட வேண்டாம், துணி ஈரம் உறிஞ்சாமல் போகும். வயிற்றோட்டம் அல்லது புண் இருந்தால் துணியைக் கொதிக்க வைத்து எடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் இரண்டு பக்கமும் தேய்த்தால் மிச்ச ஈரமும் போகும். துணிக்கு மேலே பிளாஸ்டிக் ஜங்கி போட்டு நாள் முழுக்க விடுவதைவிட ஒன்றும் போடாமலே விடலாம். இடுப்புக்குக் கீழே காற்றுப் படப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் வெறுமனே படுக்க வைப்பது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. எங்கள் குளிரில் அதை அடுப்படியில்தான் செய்வோம்.

பம்பர்ஸ் என்றால் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு மேல் விடாதீர்கள், இரவில் பிள்ளை தூங்கினால் எழுப்ப வேண்டியதில்லை, மலம் போனால் உடனே மாற்ற வேண்டும். காசை நினைத்து நீட்டினால் தோலில் தெரியும். எண்ணிக்கை தெரிய, உள்ளே சின்னத் துணித்துண்டு ஒன்றை வைத்துவிட்டுப் பாருங்கள், நனைந்ததா என்பது தொட்டால் தெரியும். சிவப்பு பளபளவென்று பரவி, ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டாக வந்தால் அது வெறும் ஈரப் புண் இல்லை, கிளினிக்கில் காட்டுங்கள்.

கால் வளையும் என்று உங்கள் சம்பந்தியம்மா சொல்வதற்குப் பயப்படத் தேவையில்லை. பிறக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், இரண்டு வயதுக்குள் தானாக நிமிரும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றுவது. அதனால் இடுப்பு மூட்டு விலகக்கூடும். துணியானாலும் பம்பர்ஸானாலும் தவளை மாதிரிக் கால் மடங்கி விரிய இடம் இருக்க வேண்டும்.

எனக்கு இன்னும் விடை தெரியாதது பாவித்த பம்பர்ஸை என்ன செய்வது என்பதுதான். தோட்டத்து லயங்களுக்குக் குப்பை லொறி வருவதில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் காசு செலவழித்துச் சேவை செய்ய வழி இருக்கவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் மாறியும் எங்கள் லயத்துக்கு இன்னும் லொறி ஏறி வரவில்லை. ஆகவே பம்பர்ஸ் கானுக்குள் கிடக்கும், தேயிலைக்குள் கிடக்கும், நாய் இழுத்து வாசலில் போடும். மழைக்கு எல்லாம் ஆற்றுக்குப் போகும். எங்கள் கான் தண்ணீர் கொத்மலை ஓயாவில் விழுகிறது, கொத்மலை ஓயா மகாவலியில் விழுகிறது. மகாவலி எங்கே போகிறது என்பது மூதூர், வெருகல் சகோதரிகளுக்குத் தெரியும். நாங்கள் இங்கே எறிவது உங்கள் வாசலுக்குத்தான் வருகிறது. கூழ் ஊறியதை எரிக்கவும் முடியாது, புகை மட்டும்தான் வரும். கக்கூஸ் குழிக்குள் போட்டால் குழி நிறைந்துவிடும். மலத்தைத் தட்டிவிட்டு, சுற்றி மடித்து, நீரோடைக்கும் பீலிக்கும் தூரமாக ஆழக் குழி வெட்டிப் புதைக்கிறோம். மண்ணுக்குள் அது பேத்தியின் பேத்தி காலத்திலும் இருக்கும். துணி பக்கம் என் மனம் இன்னமும் சாய்வது இதனால்தான்.

செப்டெம்பர்க் கிளினிக்கில் பேத்தியின் கோடு ஏறத் தொடங்கியிருந்தது. கொப்பியில் ஆறு, ஏழு, ஒரு நாள் எட்டு என்று வந்தது. இப்போது அவள் சத்தமாக அழுகிறாள். காம்பரா அக்கா என்னைப் பார்த்து, "நல்ல பிள்ளையா இருந்திச்சே" என்றார்.

அக்கா பஸ்ஸில் நான்கு சேலை அனுப்பியிருந்தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன். ஒன்று முந்தானை நன்றாக இருக்கிறது, அதை நான் உடுத்துகிறேன்.

முல்லைத்தீவுச் சகோதரிக்கு: உங்கள் ஊரில் வெயில் இருக்கிறது, கிணறு இருக்கிறதா என்று எழுதவில்லை. துவைக்க உங்களோடு இன்னும் எத்தனை கை இருக்கிறது என்றும் எழுதவில்லை. அந்த இரண்டையும் எழுதுங்கள். பாவித்த பம்பர்ஸை உங்கள் கிராமத்தில் எப்படி ஒழிக்கிறீர்கள் என்று தெரிந்தவர்களும் எழுதுங்கள், எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன். அடுத்த மாதம் சந்திப்போம்.